சட்டைப்பையில் யும்னாவின் கைத்தொலைபேசி

கோப்பி நன்றாக இருக்கிறது. 'கோசோங்' என்று அழுத்திச் சொன்னாலும் பல கடைகளில் சர்க்கரையைக் கொட்டிவிடுவார்கள். நீங்கள் சரியாக வாங்கிவந்திருக்கிறீர்கள். எனக்குச் சர்க்கரை ஆகாது.

ஒலிப்பதிவு ஓடுகிறது என்பதால் ஒழுங்காகவே சொல்கிறேன். என் பெயர் நூருல் அமீன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஜூன் விடுமுறையில் லிட்டில் இந்தியாவில் நம் சங்கம் நடத்தும் இளையர் நாடகப் பட்டறைக்குப் பல ஆண்டுகளாக நான்தான் பயிற்றுநர். நிர்வாகக் குழுவான உங்களுக்கு இது தெரியாததல்ல.

அந்த மண்டபத்துக்கு வருகிற கூட்டமும் உங்களுக்குத் தெரியும். தன் பிள்ளை மேடைக்கு வந்தால் கைத்தொலைபேசியை உயர்த்துவார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை வந்தால் குனிந்துகொள்வார்கள். சென்ற ஆண்டு ஒரு குடும்பமே கடலில் மூழ்குகிற துயர நாடகம் போட்டேன். முடிந்ததும் இங்கே உட்கார்ந்திருக்கும் நம் தலைவர் என் தோளைத் தட்டி, "பிள்ளைங்க ரொம்ப கியூட்டா இருந்தாங்க சார்" என்றார். அன்று நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. இத்தனை ஆண்டில் என் நாடகம் பார்த்து ஓர் ஆள் அழுததில்லை. எனக்கு அது வலித்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், மிகவும் வலித்தது.

இந்த ஆண்டுக் கதையும் நான் எழுதியதுதான். துவாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்த ஒருவர் விபத்தில் இறந்துபோகிறார். ஊரில் இருக்கும் மகளுக்குத் தொலைபேசியில் செய்தி வருகிறது. அதுதான் கடைசிக் காட்சி. மகள் வேடம் யும்னாவுக்கு. பதினாறு வயது. இந்தச் சிங்கப்பூர்ப் பிள்ளைகளில் ழகரம் அவளைப்போல யாருக்கும் வராது. குரல் கடைசி வரிசைவரை போகும். ஆனால் அந்தக் காட்சியில் கண் மட்டும் வறண்டு கிடக்கும்.

"கண்ணுக்குக் கீழ கொஞ்சம் கோடாலித் தைலம் தடவினா தண்ணி கொட்டும் லா சார்" என்று குமரன் என்கிற பையன் குப்பியை நீட்டினான். அதை வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். மேடையில் பொய் எனக்குப் பிடிக்காது.

யும்னாவின் வாப்பா காதர் மைதீனை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தேக்காவில் துணிக்கடை வைத்திருந்தவர். ஈரல் கெட்டு, நொவீனா பக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மண்டபத்திலிருந்து அங்கே டாக்ஸியில் போனால் கொஞ்ச நேரம்தான். வாப்பாவை நினைத்துக்கொண்டு நடி என்று அவளிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"நினைச்சா நடந்துடுமோன்னு பயமா இருக்கு சார். அழாம நடிக்கிறேனே, ப்ளீஸ்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அவளைத் திட்டவில்லை. பிள்ளைகளைத் திட்டுகிற வழக்கமே எனக்கு இல்லை. மற்றவர்களைச் சுற்றி உட்காரவைத்து அவளை நடுவில் நிறுத்தினேன். வாப்பாவின் கால் எவ்வளவு வீங்கியிருக்கிறது, கண் எப்படி மஞ்சளாகியிருக்கிறது, ராத்திரியில் எப்படி முனகுகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மரியாதையான பிள்ளை, பதில் சொன்னாள். கண்ணீர் வரவில்லை. மறுநாளும் கேட்டேன். அதன் பிறகு ஒத்திகை நடந்த நாளெல்லாம் கேட்டேன்.

ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறேன் என்றாள். நான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காதர் மைதீன் தலையணையில் சாய்ந்திருந்தார்.

"நடிக்கட்டும் சார். அவ மேடையில பேசுறதக் கேட்டா எனக்குப் பாதி நோவு போயிடும்" என்றார்.

அவர் மனைவி ஷமீமா என்னை வெளியே நடைவழிக்கு அழைத்துவந்தார். "கடைசி நேரத்துல பக்கத்துல உட்கார்ந்து யாசீன் ஓத யும்னாதான் வேணும்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க சார். அவளும் பார்க்காம ஓதிப் பழகி வச்சிருக்கா. ஏதாச்சும் ஒண்ணுன்னா புள்ளைய உடனே அனுப்பிடணும்."

"அது என் பொறுப்பும்மா" என்றேன். யாசீன் என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. என் தகப்பனார் உயிர் பிரிகிறபோது குர்ஆனின் அந்த அத்தியாயத்தை நான்தான் ஓதினேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒப்பனை தொடங்குமுன் எல்லாருடைய கைத்தொலைபேசியும் பெரிய பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும். யும்னாவுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தேன். அவளுடையது என் சட்டைப்பையில் இருக்கும், அழைப்பு வந்தால் நான் எடுத்து அவளிடம் சொல்வேன் என்று ஏற்பாடு. நாடகத்தன்று அதை என்னிடம் கொடுத்தபோது, "சைலண்ட்ல போட்டுடாதீங்க சார், வைப்ரேட்ல வைங்க" என்றாள். அப்படியே வைத்தேன்.

முதல் காட்சி முடிகிற நேரத்தில் அது என் நெஞ்சில் அதிர்ந்தது. ஷமீமா அழைத்தார்.

"சார், டாக்டர் எல்லாரையும் வரச் சொல்லிட்டாங்க. நெனவு இருக்கு. யும்னா எங்க, யும்னா எங்கன்னு கேக்குறாங்க. அனுப்பி வைங்க சார்."

"அனுப்புறேன்மா" என்றேன்.

அனுப்ப நினைத்தேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் மண்டபம் நிறைந்திருந்தது. உங்கள் சிறப்பு விருந்தினர் முன்வரிசையில் இருந்தார். யும்னா ஒவ்வொரு முறை திரைக்குப் பின்னால் வரும்போதும் என் சட்டைப்பையைப் பார்ப்பாள், பிறகு என் முகத்தைப் பார்ப்பாள். ஒன்றுமில்லை என்று நான் தலையசைப்பேன். நிம்மதியாகத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி மேடைக்குப் போவாள். நன்றாகவே நடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்த எந்தப் பயிற்றுநருக்கு மனம் வரும்?

கடைசிக் காட்சி நெருங்கியது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நான் சொன்னால் முகம் சுளிப்பீர்கள். ஆகவே நிதானமாக யோசித்ததை மட்டும் சொல்கிறேன். வாப்பா சாகக் கிடக்கிறார் என்று சொன்னால் அவள் ஓடிவிடுவாள். செத்துவிட்டார் என்று சொன்னால் ஓடுவதற்கு அவசரம் எதுவும் இருக்காது. அழுகையும் வரும். எப்படியும் ஓரிரு மணி நேரத்தில் உண்மையாகப்போகிற செய்தி. நான் கொஞ்சம் முந்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

அவள் தோளில் கைவைத்துச் சொன்னேன். "வாப்பா மௌத்தாயிட்டாங்கம்மா. உங்கம்மா இப்பத்தான் கூப்பிட்டாங்க."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நான் போகணும் சார். யாசீன் ஓதணும்."

"அவங்க போயிட்டாங்கம்மா. இனி என்ன அவசரம்? இந்த ஒரு காட்சி. வாப்பாவுக்காக நடிச்சுட்டுப் போ." அவள் முதுகை மெல்லத் தள்ளினேன். மேடை விளக்கு அவள்மேல் விழுந்தது.

அதன் பிறகு நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஒரு கைத்தொலைபேசிகூட உயரவில்லை. என் வசனத்தை அவள் பாதியில் விட்டுவிட்டு, 'இன்னா லில்லாஹி' என்று தொடங்கி, மையத்துச் செய்தி கேட்டால் நாங்கள் சொல்வதைச் சொன்னாள். எழுதிக் கொடுக்காததை மேடையில் சொல்வது ஒழுங்கில்லை. ஆனாலும் பொருத்தமாகத்தான் இருந்தது. முன்வரிசையில் விருந்தினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைவரே, நீங்களும் அழுதீர்கள். நான் பார்த்தேன்.

வணக்கம் சொல்லும்போது அவளால் நிற்க முடியவில்லை. கூட நடித்த ரக்ஷனாவும் குமரனும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். விருந்தினருடன் புகைப்படம் எடுத்ததும் நானே கிராப் டாக்ஸி பிடித்து அனுப்பிவைத்தேன். காதர் மைதீனின் உயிர் அந்தப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் பிரிந்திருக்கிறது. இன்னும் இரண்டு பேர் குறைவாக நின்றிருந்தால் அவள் போய்ச் சேர்ந்திருப்பாளோ என்னவோ. புகைப்படத்தை ஏற்பாடு செய்தது நீங்கள்.

மறுநாள் ஆங் மோ கியோவில் அவர்கள் வீட்டுக்கு நானும் போனேன். போகாமல் இருப்பது முறையல்ல. ஆண்கள் ஜனாஸாவோடு அடக்கத்துக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஷமீமா மகளின் முகத்தைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார்.

"கடைசிவரைக்கும் உன்னத்தான் கேட்டாங்க. நாடகம் முடிச்சுட்டுத்தான் வருவேன்னு சொன்னியாமே யும்னா. எப்படிடி மனசு வந்துச்சு?"

"நான் எப்பம்மா சொன்னேன்? வாப்பா அப்பவே மௌத்தாயிட்டாங்கன்னு சார்தானே சொன்னாங்க."

இரண்டு பேரும் சேர்ந்தாற்போல என் பக்கம் திரும்பினார்கள். அந்தப் பிள்ளையின் கண் மறுபடி வறண்டுபோயிருந்தது. அன்று முதல் அவள் யாரோடும் பேசுவதில்லை என்று உங்கள் புகார்க் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். வருத்தமாக இருக்கிறது. நல்ல குரல்.

இரண்டாவது அழைப்பை நான் இன்னும் சொல்லவில்லை. யும்னா மேடையில் அழுதுகொண்டிருக்கும்போதே சட்டைப்பை மறுபடி அதிர்ந்தது. எடுக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்தத் தாய் விடாமல் அழைத்துக்கொண்டிருப்பார், அல்லது நேரே மண்டபத்துக்கு யாரையாவது அனுப்பிவிடுவார்.

"புள்ள கிளம்பிட்டாளா சார்?"

"சொல்லிட்டேன்மா. முடிச்சுட்டுத்தான் வருவேன்னு நிக்கிறா. நான் என்ன செய்ய?"

ஆம், அப்படித்தான் சொன்னேன். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. சொன்னது முழுக்க நான்தான். ஷமீமா அதை அப்படியே கட்டில் பக்கம் திரும்பிச் சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு, மூச்சுக்கு நடுவில், காதர் மைதீனின் குரல் வந்தது.

"முடிச்சுட்டே வரட்டும்."

நீங்கள் எல்லாரும் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறீர்கள். சாகக் கிடந்த அந்த மனிதர் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. இத்தனை ஆண்டில் என் நாடகத்தின் அருமை தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.