கோல் விழும்வரை

அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். ஜன்னலோரத்தில் இருப்பதில் உட்காருங்கள். காபி கொஞ்சம் கசப்பாக இருக்கும். அப்பாவுக்கு அப்படித்தான் பிடிக்கும், எனக்கும் நாக்கு பழகிவிட்டது.

வைனோ மாமா உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து சொன்னதில் பொய் எதுவும் இருக்காது. அப்பாவோடு காகித ஆலையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர், பொய் சொல்ல வராத மனிதர். ஆனால் அவர் பார்த்தது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன். மறைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

நீங்கள் டன்மோருக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர் என்றாலும் லூன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரிய லீக் அணி இல்லை, அதற்கு இரண்டு படி கீழே. ஆனாலும் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடியவர்கள். பனி விழ ஆரம்பித்துவிட்டால் இந்த ஊருக்கு வேறு பேச்சே கிடையாது. எங்கள் வீட்டில் அது பேச்சோடு நிற்கவில்லை. லூன்ஸ் ஜெயித்தால் அப்பா என் தலையைத் தடவிக் கொடுப்பார், அம்மாவை இழுத்துச் சமையலறையில் ஒரு சுற்று ஆடுவார். தோற்றால் தட்டு பறக்கும். நானும் தம்பி ரைமோவும் படுத்தபடியே சுவர் வழியாக வானொலி வர்ணனையைக் கேட்டுக்கொண்டிருப்போம். ஹாக்கி மேல் ஆசையெல்லாம் இல்லை. அடுத்த நாள் எங்களுக்கு எப்படி விடியும் என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை. முன்பின் தெரியாத யாரோ, பெயர் தெரியாத ஊரில், ஒரு ரப்பர் வட்டைத் துரத்திக்கொண்டு பனியில் வழுக்குவார்கள். அதைப் பொறுத்து எங்கள் வீட்டில் அடி விழும், அல்லது விழாது. ரைமோ தலையணையைக் கடித்துக்கொண்டு வேண்டிக்கொள்வான். வேறு என்னதான் செய்ய முடியும்?

வீட்டில் ஒரு விதி இருந்தது. வட்டு களத்தில் இருக்கும்போது யாரும் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் அணிக்கு ஆகாது. தண்ணீர் குடிப்பதானாலும் இடைவேளையில்தான். ஒரு பிளே-ஆஃப் ஆட்டத்தின்போது அம்மாவுக்குக் குடல்வால் வெடித்தது. சமநிலையில் நின்ற ஆட்டம். பிளே-ஆஃப் என்றால் யாராவது ஒருவர் கோல் போடும்வரை கூடுதல் நேரம் போய்க்கொண்டே இருக்கும். அம்மா முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். முகம் மெழுகு மாதிரி வெளுத்துப்போயிருந்தது. "இதோ முடிஞ்சிடும்" என்றார் அப்பா. கூடுதல் நேரம் இரண்டு தடவை ஓடியது. லூன்ஸ் ஜெயித்தது, அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அப்பா பாடிக்கொண்டே வண்டி ஓட்டினார். அம்மா பிழைத்துக்கொண்டாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

அம்மா போய் வெகு காலம் ஆகிறது. ரைமோ மேற்கே வான்கூவர் பக்கம் போய்விட்டான், கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணுவான். அப்பாவுக்குச் சர்க்கரையில் கண் போயிற்று, பிறகு பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்தது. பள்ளிக்கூட உணவகத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நான் வந்து சேர்ந்தேன். முன் அறையில் கட்டிலைப் போட்டோம். அவருக்கு மிச்சம் இருந்தது இடது கையும் வாயும் லூன்ஸும்தான்.

போன கோடையில் முதலாளி அணியை விற்றுவிட்டார். தெற்கே பனியையே பார்க்காத ஒரு ஊருக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஊரே இழவு வீடு மாதிரிக் கிடந்தது. அப்பாவின் இதயம் பழந்துணி மாதிரி நைந்துபோயிருக்கிறது, அதிர்ச்சியான சேதி எதுவும் காதில் விழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் சொல்லவில்லை. நான் மட்டும் எடுத்த முடிவு இல்லை அது. வைனோ மாமா, வாரம் ஒருமுறை வரும் நர்ஸ், ரைமோ எல்லாரும் சேர்ந்துதான் அப்படித் தீர்மானித்தோம்.

அக்டோபர் வந்தது. வானொலி நிலையம் ஒலிபரப்பை நிறுத்திவிட்டது, இனிமேல் செல்போனில்தான் வருமாம், நான் காதில் மாட்டிக் கேட்டு அப்படியே சொல்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதன் மறுமுனை என் ஏப்ரன் பைக்குள் சும்மா கிடந்தது. சுவர் வழியாக வர்ணனை கேட்டு வளர்ந்தவள் நான், எனக்குச் சொல்லித் தரவா வேண்டும்? முதல் ஆட்டத்தில் நான்குக்கு ஒன்று என்று ஜெயித்தோம். வைனோ மாமா மூலையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அடுத்த சனிக்கிழமை பூட்ஸைக் கழற்றும்போதே, "இன்னிக்கு யாரோட?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார். அவருக்கும் அணி வேண்டியிருந்தது.

ஜெயித்துக்கொண்டே இருந்தோம். அப்பா நன்றாகச் சாப்பிட்டார். குரல் பழையபடி ஏறியது. "சூப்பா இது? பாத்திரம் கழுவுன தண்ணி மாதிரி இருக்கு. உங்கம்மாவுக்கும் கைப்பக்குவம் கிடையாது, உனக்கும் கிடையாது" என்பார். இடது கையால் கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். நான் குனிந்து துடைப்பேன். பிறகு ஒருநாள் சந்தேகம் வந்துவிட்டது.

"நம்ம பசங்க இவ்வளவு ஜெயிக்க மாட்டானுங்களே. ஏதாவது கதை கட்டுறியா?"

அதனால்தான் முதல் தோல்வி வந்தது. சொல்லி முடித்ததும் பழக்க தோஷத்தில் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். தட்டு பறக்கவில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து காதுக்குள் இறங்கியது. கை போர்வை மேல் எதையோ தேடியது. என் விரல்கள் அகப்பட்டதும் பிடித்துக்கொண்டது. எனக்கு ஐம்பத்து நான்கு வயதாகிறது. அப்பா அதுவரை என் கையைப் பிடித்ததில்லை. அன்று சூப்பை ஒரு சொட்டு விடாமல் குடித்தார், நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

அணி என்று இருந்தால் ஏற்றம் இறக்கம் இருக்கத்தான் செய்யும். குளிர் முற்றியபோது லூன்ஸுக்கு ஒரு நீண்ட சரிவு வந்தது.

ஹூக்ஸ்ட்ராவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவன் எங்கள் கோல்கீப்பர். பழைய ஆள் அணியை விற்பதற்கு முன்பே ஊரைவிட்டுப் போனது அப்பாவுக்கும் தெரியும், அதனால் இவனைக் கொண்டுவந்தேன். சமவெளிப் பக்கத்துக் கோதுமை விவசாயி வீட்டுப் பிள்ளை, முப்பது வயது, அதிகம் பேச மாட்டான். அப்பாவுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவனுக்கு இடுப்பில் வலி. அப்பாவைத் தினமும் தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பில் ஒரு வலி வந்திருந்தது, அதைத்தான் அவனுக்குக் கொடுத்தேன். கொடுத்த நாளிலிருந்து அப்பா காலையில் கண் விழித்ததும் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

"இடுப்பு எப்படி இருக்காம் அவனுக்கு? நல்லா நீராவியில உட்காரச் சொல்லு. முரட்டுத்தனமா எதையும் தூக்க வேண்டாம்னு சொல்லு."

ஒருநாள் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது என்னையும் மீறி முனகிவிட்டேன். "என்ன சத்தம்? மெதுவாப் பிடிக்கத் தெரியாதா?" என்றார். அன்றைக்கு ஹூக்ஸ்ட்ரா ஆறு கோல் விட்டான்.

அதற்கப்புறம் சரிவை யாராலும் நிறுத்த முடியவில்லை. கடைசி நிமிடத்தில் கோல் வாங்கினார்கள். கம்பத்தில் பட்டுத் திரும்பிய வட்டு சொந்த ஆளின் காலில் பட்டு உள்ளே போயிற்று. கேப்டன் டெலோரிக்குக் கை உடைந்தது. அப்பா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே வந்தார். என் கையை விடவே இல்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மனசில் ஏதாவது கவலை இருக்கிறதா என்று கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை என்றேன். நெஞ்சு வலி வந்தால் நாக்கின் அடியில் வைக்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் பழைய வானொலிப் பெட்டியின் மேல் வைத்தேன். என் நாற்காலியிலிருந்து இரண்டு எட்டு.

வைனோ மாமா ஒரு சனிக்கிழமை கிளம்பும்போது என்னைக் கதவருகே நிறுத்தினார்.

"ஏம்மா ஐலி, ஒரு ஆட்டமாவது ஜெயிக்கட்டுமே. அவன் கரைஞ்சுகிட்டே போறான், உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"நான் என்ன பண்றது மாமா? தடுப்பு வரிசையில மூணு பேருக்கு அடி. ஹூக்ஸ்ட்ரா ஒத்தை ஆளா எவ்வளவு தடுப்பான்?"

அவர் ஒற்றைப் பூட்ஸோடு அப்படியே நின்றார். "அணியே இல்லையேம்மா" என்றார் மெதுவாக. "அரங்கத்துல இப்ப உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கி வெச்சிருக்கான். நீ சொல்றதுதானே ஆட்டம்?"

சும்மா உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு எல்லாம் சுலபமாகத்தான் தெரியும். சொல்கிறவளுக்குத்தான் தெரியும், ஆட்டம் ஒரு பக்கம் சாய ஆரம்பித்துவிட்டால் வாய் அதன் பின்னால்தான் போகும். ஆனாலும் அவர் மனம் நோகக் கூடாது என்று, சீசனின் கடைசி ஆட்டத்தில் ஜெயித்து எப்படியோ பிளே-ஆஃபுக்குள் நுழைந்தோம். அப்பா அன்றைக்கு அழுதுவிட்டார். "பார்த்தியா, பார்த்தியா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

தொடர் ஏழாவது ஆட்டம்வரை இழுத்தது. முதல் ஆறில் ஆளுக்கு மூன்று ஜெயித்திருந்தோம். அந்தக் கடைசி ஆட்டத்தைத்தான் நீங்கள் கேட்க வந்திருக்கிறீர்கள்.

மாலையிலிருந்தே ஈரப்பனி கொட்டியது. அதனால்தான் வைனோ மாமா வரத் தாமதமாயிற்று. ஆட்டத்தின் மூன்று பகுதியில் இரண்டு முடிந்தபோது மூன்று கோல் முன்னிலையில் இருந்தோம். அப்பா முகத்தில் ரத்தம் ஓடியது. நான் அப்படியே முடித்திருக்கலாம் என்பீர்கள். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் மூன்றாவது பகுதியில் எதிரணிக்காரர்கள் வேறு ஆட்களாக வந்து இறங்கினார்கள். ஒன்று, இரண்டு, முடிய அரை நிமிடம் இருக்கும்போது மூன்று. கூடுதல் நேரம்.

அது ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அப்பா என் கையை விட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்தார்.

"மாத்திரை" என்றார்.

"வட்டு நம்ம பக்கத்துல இருக்குப்பா. இருங்க."

"ஐலி. மாத்திரை."

"வட்டு களத்துல இருக்கும்போது எழுந்திருக்கக் கூடாதேப்பா. இதோ முடிஞ்சிடும்."

அவருக்கு அது புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். விதி அவருடையது. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு வார்த்தை சொன்னார், பிறந்ததிலிருந்து அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத வார்த்தை.

"அவனுங்களே போடட்டும். யாராவது ஒரு கோல் போடட்டும், ஐலி."

அம்மா சோபாவில் சுருண்டு கிடந்தபோதுகூட அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஹூக்ஸ்ட்ரா அன்றைக்கு எதையும் உள்ளே விடவில்லை. இடுப்பு வலியோடு விழுந்து விழுந்து தடுத்தான். அந்தப் பக்கத்துக் கோல்கீப்பரும் விடவில்லை. நான் என்ன செய்ய முடியும்? எவ்வளவு வேகமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு வேகமாகச் சொன்னேன். இடைவேளைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் பாக்கி இருந்தது.

இடைவேளை வந்ததும் உடனே எழுந்துபோய் மாத்திரையை எடுத்துவந்து நாக்கின் அடியில் வைத்தேன். கரையாமல் இருந்ததாக உங்கள் டாக்டர் சொன்னாரே, அது அந்த மாத்திரைதான். நான் கொடுக்கவே இல்லை என்று ரைமோ போனில் கத்தினான். கொடுத்தேன்.

அப்புறம் இரண்டாவது கூடுதல் நேரம் ஆரம்பித்துவிட்டது. வைனோ மாமா உள்ளே வந்தது அப்போதுதான். அவர் கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கினார். "நிறுத்தும்மா, நிறுத்து, அவன் போயிட்டான்" என்றார். பாதி ஆட்டத்தில் எப்படி நிறுத்துவது? அவர் வெளியே ஓடி யாருக்கோ போன் பண்ணிக்கொண்டிருந்தார். நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்பாவைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். வைனோ மாமா அப்படித்தான் சொன்னார் என்றால் சரியாகத்தான் இருக்கும், அவர் பொய் சொல்ல மாட்டார். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒன்றே ஒன்று, அவர் அவசரத்தில் வெளியே போய்விட்டதால் முடிவைக் கேட்கவில்லை. உங்களிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

லூன்ஸ்தான் ஜெயித்தது. மூன்றாவது கூடுதல் நேரத்தில், டெலோரி, உடைந்த கையோடு. அப்பா கொஞ்சம் பொறுத்திருக்கலாம். லூன்ஸ் ஜெயித்தால் அவர் என் தலையைத் தடவிக் கொடுப்பார்.