கேட்டுப் பார்க்கும் அறை

நீங்களும் வீட்டில் பாட்டுக் கேட்க ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போவதாகச் சொன்னீர்கள், ஐயா. எதுவானாலும் காதால் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

இணையத்தில் அது ஏன் மலிவு என்று கேட்டீர்கள். அதில் மர்மம் ஒன்றுமில்லை. அங்கே விற்பவருக்குக் கடை வாடகை கிடையாது. பஞ்சு பதித்த சுவரோடு ஓர் அறை கட்டி, ஒவ்வொரு பெட்டியாக மாற்றிப் பொருத்திக் காட்ட ஆள் வேண்டாம். அந்தச் செலவை வேறு யாராவது செய்துகொண்டிருப்பார்கள். குளோடோக் மின்பொருள் சந்தையில் அந்த வேறு யாரோ, அங்கே கடை வைத்திருந்த என் கணவர் ஹெர்மன்தோ.

விர்யாவன் என்று ஒருவர் சனிக்கிழமைதோறும் கடைக்கு வருவார். வறுத்த வாழைப்பழமும் கடுங்காப்பியும் நான்தான் கொடுப்பேன். ஒரே பழைய குரோஞ்சோங் பாட்டை எல்லாப் பெட்டியிலும் போடச் சொல்வார். கேட்டு முடித்து, எங்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைபேசியில் வாங்குவார். அப்புறம் நண்பர்களையும் கூட்டி வந்தார்.

“கேக்குறது இங்க, வாங்குறது அங்க. அண்ணன் காது நமக்கு இலவசம்பா.”

“காதோட விட்டீங்களே, அதுவரைக்கும் சந்தோசம்,” என்று என் கணவரும் சிரிப்பார். வாங்கியதை அவரிடமே கொண்டுவந்து சரிபார்த்துக்கொண்டும் போவார்கள்.

வாடகை கட்ட முடியாமல் கடையைக் காலி செய்த அன்று அவர் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். நல்ல அறை, ஐயா. நாற்காலி விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

மிச்சமிருந்த ஆம்ப்ளிஃபயர்களை இணையத்தில் போட்டேன், எல்லோரையும்விடக் குறைந்த விலைக்கு. மலிவு என்றால் விர்யாவன் வருவார் என்று தெரியும். ஆனால் அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஒருவர் பூனை, ஒருவர் மழை. பேரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

“அக்கா, இன்னும் கொஞ்சம் பாத்துப் போடுங்க. இல்லன்னா வேற கடையில எடுத்துக்கிறேன்.”

எல்லோரும் அவர் குரலிலேயே பேசினார்கள்.

சொன்ன விலைக்கு வாங்கியவர்களுக்கு நல்ல பெட்டியே அனுப்பினேன். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். குறைக்கச் சொன்னவர்களுக்கு விலையைக் குறைத்தேன், பெட்டிக்குள்ளும் ஒன்றைக் குறைத்தேன். தொடுகிறவரை மின்சாரம் தாக்காமல் காப்பாற்ற உள்ளே ஒரு கம்பி உண்டு. எதை எடுத்தால் ஆபத்து என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் கணவர்தான். அவர் நல்லதுக்காகச் சொன்னார்.

நீங்கள் காட்டுகிற இந்தப் படங்களில் இருக்கிறவர்களை எனக்குத் தெரியாது. பள்ளிச் சீருடையில் இருக்கும் இந்தப் பெண்ணையும் தெரியாது. இவள் அப்பா பேரம் பேசியிருப்பார்.

விர்யாவன் என்னிடம் வாங்கவே இல்லை என்கிறீர்கள். இணையத்தில் என் கடையைப் பார்த்தாராம், விலை கட்டுப்படியாகவில்லையாம்.

இன்னும் கொஞ்சம் குறைத்திருக்கலாம், ஐயா. என் தப்பு அது ஒன்றுதான்.