வாயைத் தொறந்த ஞானி

...நானா அவரு தவத்தைக் கெடுத்தேன்? நீயே சொல்லும்மா. நகரியில பஸ் ஏறச்சொல்லோ கூட ஒருத்தி, "இவதான் ஞானியைக் கெடுத்தவ"ன்னு என்னைக் கைகாட்றா. கொஞ்சம் தள்ளி ஒக்காரு, கூடை இடிக்குது.

அதோ, முன்னால டிரைவராண்ட வாய் ஓயாம பேசிக்கினு வராரே, அவருதான் எங்கூட்டுக்காரரு. இருவது நாளா ஊரே அவரு கால்லதான் வுழுந்துது.

இன்னா நடந்துதுன்னா... பொண்ணைக் குடுத்த எடம் பங்காருபாளையம். சம்பந்தி வந்திருந்தாரு. ராஜ்யத்தைப் பிரிக்கறாங்களே, நம்ம ஊரு மெட்ராசோட போவுமா, ஆந்திராவுலயே நிக்குமான்னு பேச்சு வந்துது. இவரு வுடாம வாதம் பண்றாரு. சம்பந்தி மூஞ்சி மாறிப்போச்சு. அங்க வாழற பொண்ணுக்கு இன்னாவுமோன்ற பயத்துல நான் இவரை எதோ ஒரு வார்த்தை சொல்லிட்டேன்... அது கெடக்கட்டும். அன்னிலேருந்து மனுசன் வாயே தொறக்கல. தறியில ஒக்கார்றாரு, என்னைப் பாத்தா சிரிக்கிறாரு, அவ்ளோதான். நாலாம் நாளு பக்கத்து வூட்டு ஜெயம்மா, "இன்னாடி, புருசன் பேசறதில்லியா?"ன்னா. மானம் போவுதேன்னு, "அவருக்கு ஞானம் வந்திருக்கு, மௌனத்துல இருக்காரு"ன்னுட்டேன்.

புத்தூர்லேருந்து, நாயுடுபேட்டைலேருந்தெல்லாம் தேங்கா பழத்தோட வர ஆரம்பிச்சிட்டாங்கம்மா. எந்த பாஷைக்காரங்க எத்தினி பேருன்னு சர்க்கார் கணக்கெடுக்க வந்த நாகபூஷணம், வூட்டுல தமிழா தெலுங்கான்னு கேட்டாரு. இவரு சிரிச்சாரு. உடனே அவரு கன்னத்துல போட்டுக்கினு, பாஷையைத் தாண்டினவருன்னு காகிதத்தை மடிச்சிக்கினு போயிட்டாரு. தமிழ்க்காரங்க எங்க சாமின்றாங்க, தெலுங்குக்காரங்க மா சுவாமின்றாங்க.

எனக்கு எப்பிடி இருக்கும்? வூடு நெறைய ஜனம், என்னாண்ட பேச ஒரு ஆளில்ல. இவரு பேசிட்டா திருச்சானூர் தாயாருக்குப் பொடவை சாத்தறேன்னு வேண்டிக்கினேன், அதுக்குத்தான் இப்ப போறோம். நேத்து தாங்கல. கும்பல் நடுவுல போயி கால்ல வுழுந்து, "வாயைத் தொறய்யா"ன்னு அழுதுட்டேன்.

தொறந்தாரு. "நான் சொல்றவரைக்கும் வாயைத் தொறக்காதேன்னியே, அதான் காத்துக்கினு இருந்தேன்"னாரு.

ஆமாம்மா... நான்தான் சொன்னேன். சம்பந்தி எதிர்லயே சொன்னேன். கும்பல்ல ஒவ்வொருத்தரா எழுந்து போயிட்டாங்க. ஜெயம்மா வச்ச தேங்காயைத் திருப்பி எடுத்துக்கினு போனா.

பெறவு நான் கேட்டேன், இத்தினி நாள் சும்மா இருந்து இன்னாதான் தெரிஞ்சிக்கினேன்னு.

"பெருசா ஒண்ணுமில்ல. பசிக்குதுன்னு நான் ஒரு நாளும் சொல்லல. நீ ஒரு வேளை கூட மறக்கல. அதுதான் தெரிஞ்சுது."

இதுவாம்மா ஞானம்? இருவத்தெட்டு வருசமா போட்ற சோறுதானே? அதைக் கேட்டதுலேருந்து, நம்புவியோ இன்னாவோ, எனக்குத்தான் பேச்சே வரமாட்டேங்குது.