வெளிறிய சிவப்பு

உங்கள் காவல் நிலையத்துக் காபி குடிக்கிற மாதிரி இல்லை, அய்யா. மிஷினைக் கழுவி நாளாகியிருக்கும். குறை சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வாயில் படுவதை மறைக்காமல் சொல்லிவிடுவது என் பழக்கம். எங்கள் மோன்ஃபெராத்தோ குன்றுகளில் கேட்டுப் பாருங்கள், இந்த எவாசியோவுக்கு ஈடான நாக்கு இல்லை என்பார்கள்.

நீங்கள் தெற்கத்திக்காரர். உங்கள் பக்கத்து ஒயின் மை மாதிரி கறுப்பாக இருக்கும், இரண்டு வாய் குடித்தால் தூக்கம் வரும். அந்த வெயிலில் வேறென்ன விளையும், பாவம். ஆனால் நான் சொல்ல வந்தது புரிய வேண்டுமானால் எங்கள் கிரின்யோலீனோவைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

சிவப்புத் திராட்சைதான். ஆனால் ஒயின் வெங்காயத்தோல் நிறத்தில் வரும். கோப்பைக்குப் பின்னால் விரலை வைத்தால் ரேகை தெரியும். ஒரே குலையில் ஒரு பழம் கனிந்திருக்கும், பக்கத்துப் பழம் பச்சையாக முறைத்துக்கொண்டிருக்கும். பழத்துக்குள் கொட்டை அதிகம். அந்தக் கொட்டையின் துவர்ப்புதான் விஷயமே. முதலில் காட்டு ரோஜா வாசனை, பிறகு மிளகு, விழுங்கிய பின் ஈறைப் பிடித்துக்கொள்கிற ஒரு கசப்பு. எங்கள் வெள்ளை மண்ணை விட்டு வேறு எங்கே வைத்தாலும் முகம் கொடுக்காது. மிலானிலிருந்து கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் கோப்பையைத் தூக்கிப் பார்த்து, "இதுல தண்ணி கலந்திருக்கா?" என்று கேட்பார்கள். நான் கோப்பையைத் திருப்பி வாங்கிக்கொள்வேன். யாருக்கும் பிடிக்க வேண்டும் என்ற கவலையே இல்லாத பழம் அது. அந்த விஷயத்தில் அதுவும் நானும் ஒன்று.

தேலியோ என் தங்கை லிந்தாவின் புருஷன். வெர்செல்லி பக்கம் நெல்வயல் சமவெளியில் பிறந்தவன். கொசுவுக்கும் தவளைக்கும் நடுவே வளர்ந்தவனுக்குக் குன்று என்றால் வேடிக்கை பார்க்கிற இடம். குளியலறைக்கு ஓடு விற்றுக்கொண்டிருந்தான். அப்பா சாவதற்கு முன் திராட்சைத் தோட்டத்தில் கீழ்ச்சரிவை எனக்கும் மேல்சரிவை லிந்தாவுக்கும் பிரித்துக் கொடுத்தார். நிலவறையும் தொட்டிகளும் பொது. ஓடு விற்பதை விட்டுவிட்டு ஒயினுக்கு வந்தான் தேலியோ. ஊரில் எல்லோருக்கும் அவனைப் பிடித்தது. நாய்களுக்கும் பிடித்தது. எல்லோருக்கும் பிடிக்கிறவனுக்குள் என்னதான் இருக்க முடியும் என்று நான் யோசித்ததுண்டு.

வந்த இரண்டாம் வருஷமே தன் பங்கு கிரின்யோலீனோவில் பார்பேரா கலக்க ஆரம்பித்தான். பார்பேரா தெரியுமல்லவா, நிறத்தைத் தவிர வேறு ஒன்றும் தெரியாத முரட்டுத் திராட்சை.

"ஜனங்க கண்ணாலதான் குடிக்கிறாங்க மச்சான். கொஞ்சம் பார்பேரா ஊத்தினா நம்ம புள்ளைக்குக் கன்னத்துல ரத்தம் ஏறும்ல?"

"குழம்புல தண்ணி ஊத்தறவன் ஒருத்தன், தண்ணியில குழம்பு ஊத்தறவன் ஒருத்தன். நீ எந்த ரகம் மாப்பிள்ளை?"

"நான் தட்டக் காலி பண்ற ரகம்" என்று சொல்லிச் சிரித்தான். அவனைத் திட்டினால் ஒட்டாது. மிலான்காரர்கள் அவன் கலவையைப் பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டு போனார்கள். கழுதைகள் ஊரில் கற்பூரம் விற்க முடியாதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு, இந்த அறுவடையோடு மேல்சரிவில் அப்பா வைத்த கொடிகளைப் பிடுங்கிவிட்டு பார்பேரா நடுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். புல்டோசருக்குச் சொல்லியாகிவிட்டது. என்னிடம் சொல்லும்போது லிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தலைவலிக்காரனிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினாள். நான் சரி என்றேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். ஒயினைத் தொட்டியிலிருந்து இறக்கியபின் அடியில் தோலும் கொட்டையும் முழங்கால் அளவு கிடக்கும். ஒருவர் ஏணி வைத்து உள்ளே இறங்கி வாரிப்போட வேண்டும். நொதிக்கும்போது கிளம்புகிற வாயு கனமானது, அய்யா. தொட்டிக்குள் தண்ணீர் மாதிரி தங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் தலை போனால் ஒன்றிரண்டு மூச்சுதான். அதனால் இறங்குவதற்கு முன் எரிகிற மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவோம். அணைந்தால் காத்திருப்போம். எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். தேலியோவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். நான் ஏணியை எடுத்து வைத்தேன். அவன் என் தோளைத் தட்டினான்.

"இந்த முட்டிய வெச்சுக்கிட்டு நீ எறங்காத மச்சான். அப்புறம் ராத்திரியெல்லாம் முனகுவ. நான் பாத்துக்கறேன்."

ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான். பாட்டு பாதியில் நின்றது. மண்வாரி விழுந்த சத்தம் கேட்டது. நான் கையைக் கழுவிக்கொண்டு மேலே சாப்பிடப் போனேன்.

லிந்தா குடைமிளகாய் போட்டு முயல்கறி செய்திருந்தாள்.

"அவரு எங்கண்ணா?"

"வாரிட்டிருக்கான். முடிச்சுட்டு வரேன்னான்."

"ஆறிப்போனா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு. கூப்பிடட்டா?"

"வேலை செய்யறவன எதுக்குத் தொந்தரவு பண்ற. உக்காரு."

இருந்தாலும் நிலவறைப் படிக்கட்டின் மேல்படியில் நின்று, "முயல் ஆறுது, அப்புறம் என்னைச் சொல்லாதீங்க" என்று கீழே பார்த்துக் கத்திவிட்டுத்தான் வந்தாள். முயலில் ரோஸ்மேரி கொஞ்சம் தூக்கல். சொன்னேன். இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டேன். அவனுக்கு எடுத்து வைத்த தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினாள். நான் காபி கேட்டேன். போட்டுக் கொடுத்தாள். அது நல்ல காபி. குடித்து முடித்த பிறகுதான் அவள் கீழே போனாள், நானும் பின்னாலேயே போனேன்.

அவள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஏணியில் கால் வைத்தபோது இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தவன் நான். என் கையைக் கடித்தாள், நான் விடவில்லை. இல்லையென்றால் அவளும் போயிருப்பாள். அதை இந்த ஊரில் யாரும் பேசுவதில்லை.

நீங்கள் விபத்து என்று எழுதினீர்கள். முதியவரின் மறதி என்றும் சேர்த்தீர்கள். அதோடு நான் பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் வில்மாவின் பாரில் நான் நுழைந்தால் சீட்டாட்டம் நிற்கிறது. முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். "பாவம்டா எவாசியோ. மெழுகுவத்தி வெக்கவே மறந்துட்டான். தலை தளர்ந்துபோச்சு." வில்மா என் கோப்பையில் தானே சர்க்கரை போட்டுக் கலக்கித் தருகிறாள். கூட்டுறவு ஒயின் சங்கத்தில் ருசி பார்க்கிற குழுவிலிருந்து, "நீங்க இந்த வருஷம் ஓய்வெடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். என் இடத்தில் உட்காருகிறவன் ஒரு பல் டாக்டர்.

லிந்தா இருக்கிறாளே, அவள்தான் எல்லோரையும் விட மோசம். போன வாரம் ரசம் எடுத்துக்கொண்டு வந்தாள், கோழி ரசம். என் கையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "நீ வேணும்னா செஞ்ச? மறந்துட்ட. எனக்கு உன்மேல கோவம் இல்லண்ணா. இனிமே எனக்கு யாரு இருக்கா?" அழுதாள். மறந்துவிட்டேனாம். பிறந்ததிலிருந்து அந்த நிலவறையில் கிடக்கிறவன், ஒரு மெழுகுவர்த்தியை மறந்துவிட்டேனாம்.

ஆகவே எழுதுங்கள். நான் எதையும் மறக்கவில்லை. தேலியோ டிராக்டரை ஓரங்கட்டப் போயிருந்தபோது மெழுகுவர்த்தியை உள்ளே விட்டேன். விளிம்பிலிருந்து ஒரு முழம் இறங்குவதற்குள் அணைந்தது. மறுபடி ஏற்றி விட்டேன், மறுபடி அணைந்தது. கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினேன். அவன் வந்தான்.

"பாத்துட்டியா மச்சான்?"

"பாத்துட்டேன். நல்லா எரியுது."

"நீ சொன்னா சரி" என்றான்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். மேல்சரிவு என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள். தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது என்று லிந்தா அதை விற்றுவிட்டாள். வாங்கியவன் ஒரே நாளில் கொடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டான், எலுமிச்சை நிறத்தில் ஒரு வீடு கட்டுகிறான். போகட்டும். கொடிகள் எப்படியும் கிழடு.

இந்த அறுவடைக்கு முந்தின ஈஸ்டர் விருந்தா? அதையும் லிந்தா சொன்னாளா? அது ஒன்றுமே இல்லை, அய்யா. குடும்பத்தில் நடக்கிற வேடிக்கை. பாதிரியார், வில்மா, அக்கம்பக்கம் என்று மேஜை நிறைய ஆள். தேலியோ இரண்டு ஜாடி கொண்டுவந்தான். நிறம் தெரியக் கூடாது என்று மண்கிண்ணத்தில் ஊற்றினான். "மச்சான் நாக்குக்கு ஒரு பரீட்சை" என்றான். முதல் கிண்ணத்தை நான் துப்பிவிட்டேன். "இதுல பார்பேரா கலந்திருக்கு. இதுக்கு உங்க நெல்வயல் தண்ணியே மேல்" என்றேன். இரண்டாவதைக் குடித்துவிட்டு எழுந்து நின்றேன். "இது கிரின்யோலீனோ. எங்கப்பா கை இதுல இருக்கு" என்றேன். கண்கூடக் கலங்கியது.

முதல் ஜாடியில் இருந்தது என் சொந்த ஒயின். இரண்டாவது அவன் கலந்தது.

பாதிரியார் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. லிந்தா துண்டால் வாயை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. தேலியோ என்னைக் கட்டிப்பிடித்து, "விடு மச்சான், நாக்குன்னா தவறத்தான் செய்யும்" என்றான். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அன்றைக்கு எனக்கு ஜலதோஷம், மூக்கு அடைத்திருந்தது. அதை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.