சனிக்கிழமை வராத படகு

"படுங்க! தரையோட படுங்க!"

கத்துபவர் காசிம் பாய். பரங்கிப்பேட்டைக்காரர். எங்கள் தெருவில் துணிக்கடை. படித்துறையில் குப்புற விழுகிறேன். மூன்று விமானங்கள். முதலில் தகரத்தைக் கிழிப்பது போன்ற சத்தம். பிறகு தரை அதிர்கிறது. பிறகு எதுவும் கேட்கவில்லை. காதுக்குள் ஒரு நீண்ட ஊதல் மட்டும்.

1942 பிப்ரவரி. சனிக்கிழமை காலை. பர்மாவில் ஐராவதியின் கிளையாற்றில் ஒரு சின்ன ஊர். எனக்கு வயது பத்தொன்பது. தலையைத் தூக்கி ஆற்றைப் பார்க்கிறேன். எங்களை ஏற்றிப் போக வேண்டிய படகு இல்லை. திரும்பித் தெருக்கோடியைப் பார்க்கிறேன். புகை. யூதர் கோயில் இருந்த இடம்.

அந்தக் கோயிலைப் பற்றிச் சொல்ல இப்போது நானும் காசிம் பாயும்தான் மிச்சம். தேக்கு வாங்க பாக்தாதிலிருந்து வந்த யூதர்கள் கட்டியது. என் அப்பா பிறப்பதற்கு முந்தியது. தேக்குத் தூண்கள். தகரக் கூரை. சிலை கிடையாது. எருசலேம் இருக்கும் மேற்குத் திசையில் ஓர் அலமாரி. அதற்குள் தோலில் எழுதிய வேதச் சுருள். சுருளின் இரண்டு கட்டைகளுக்கும் தலையில் வெள்ளிக் குமிழ். குமிழுக்கு மூன்று மணிகள். சுருளை வெளியே எடுத்து வரும்போது ஐந்து மணிகள் ஒலிக்கும். ஆறாவது ஒலிக்காது. அப்பா துடைக்கும்போது அந்த மணி கீழே விழுந்து அதன் நாக்கு போனது.

அப்பா அந்தக் கோயிலின் காவலர். கடலூர் முதுநகரிலிருந்து போனவர். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் மறுநாள் இருட்டும்வரை யூதர்கள் நெருப்பைத் தொட மாட்டார்கள். விளக்கையும் அடுப்பையும் பார்த்துக்கொண்டது அப்பாதான்.

ஜப்பான்காரன் நெருங்கியதும் யூதர்கள் புறப்பட்டுப் போனார்கள். கோயிலை நடத்திய எஸ்ராவும் அவர் மனைவியும் மட்டும் தங்கினார்கள். எங்கள் வீட்டில் அப்பா, நான், அஞ்சலை அக்கா, அவள் கைக்குழந்தை. அத்தான் முன்பே ரங்கூன் போய்த் திரும்பவில்லை. நாங்கள் எல்லோரும் கோயிலுக்குள் படுத்தோம். அதற்குத்தான் கெட்டிச் சுவர்.

படகு கோதண்டத்துடையது. கீரப்பாளையம் பக்கத்துக்காரர். செத்துப்போன என் அம்மாவுக்குத் தூரத்துத் தம்பி. அப்பாவுக்கு மச்சான். எனக்கு மாமா.

வெள்ளிக்கிழமை பிற்பகல் கூலி பேசக் கோயிலுக்கு வந்தார்.

"நோட்டு வேணாம் மச்சான். ஜப்பான்காரன் வந்துட்டா அத வச்சி அடுப்புதான் எரிக்கலாம்."

எஸ்ராவிடம் வேறு எதுவும் இல்லை. அலமாரியைத் திறந்து வெள்ளிக் குமிழ்களைக் கழற்றினார்.

"நாளைக்கு ஏறறப்ப குடுக்கலாமே" என்றார் அப்பா.

எஸ்ரா தலையை ஆட்டினார். உயிர் பிழைக்க ஓய்வு நாளில் படகு ஏறலாம், அவர்கள் வேதம் தடுக்காது. கொடுக்கல் வாங்கல் கூடாது. பொழுது சாய்வதற்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும்.

கோதண்டம் சிரித்தார். "ஒங்க சாமிக்கு சனிக்கிழமை லீவா? அப்ப இப்பவே குடுங்க. விடியறப்ப வந்து நிக்கறேன்."

துண்டில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஐந்து மணிகளும் தெருமுனைவரை கேட்டன.

சனிக்கிழமை விடிந்தது. படகு வந்துவிட்டதா என்று பார்க்க அப்பா என்னை அனுப்பினார். படித்துறையில் காசிம் பாய் நின்றார்.

"ஒங்க மாமா நேத்தே போயிட்டாரு தம்பி. பொழுது சாயறதுக்குள்ள. படகு முழுக்க நெல்லு மூட்ட."

அதற்குப் பிறகுதான் விமானங்கள்.

தகரக் கூரையை நானும் காசிம் பாயும் தூக்கினோம். அப்பா கதவருகில் கிடந்தார். மற்றவர்கள் அலமாரிக்கு முன்னால். அக்கா குழந்தையின் மேல் கவிழ்ந்திருந்தாள். சுருள் பாதி எரிந்திருந்தது. கெட்டுப்போன சுருளை யூதர்கள் மனிதரைப் போலப் புதைப்பார்கள். அப்பா சொல்லியிருக்கிறார். எஸ்ராவின் பக்கத்தில் வைத்து மூடினோம். பிறகு இந்தியாவை நோக்கி நடந்தோம். அந்த நடையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள்.

1965. கடலூரில் ஒரு பத்திரிகைக்கு நிருபராக இருக்கிறேன். பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட நம்மவர்கள் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அரிசி தானம் செய்யும் ஒரு மில்காரரைப் பற்றி எழுதி வரச் சொல்கிறார் ஆசிரியர். சிதம்பரத்துக்குப் பஸ் ஏறுகிறேன். பெயரைக் கேட்டுக்கொண்டுதான் ஏறுகிறேன். அந்தப் பெயரில் எத்தனையோ பேர்.

மில்காரர் வீட்டில் விசேஷம். பேரக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிறார்கள். கூடத்தில் கூட்டம். யாரோ தொட்டிலை ஆட்டுகிறார்கள். மணிச் சத்தம். எண்ணுகிறேன். ஐந்து. கிட்டே போய்ப் பார்க்கிறேன். ஆறு தொங்குகின்றன.

கோதண்டம் பெருத்திருந்தார். என்னைத் தெரியவில்லை.

"மணி அழகா இருக்கு. எங்க வாங்கினது?"

"ரங்கூன்ல. அசல் வெள்ளி. எளுதிக்குங்க."

"ஒண்ணு அடிக்கலயே."

"ஆறுல ஒண்ணு ஊம. அதுவும் ஒரு ராசிதான்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"சனிக்கிழமை விடியறப்ப வரேன்னீங்க, மாமா. நாங்க ரெடியா இருந்தோம்."

சிரிப்பு நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்பாவின் ஜாடை எனக்கு உண்டு. உட்கார நாற்காலியைக் கையால் தேடினார். நான் குரலை உயர்த்தவில்லை. கூடத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி நடந்ததைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை, குமிழ், நெல் மூட்டை, கூரை. அவர் ஒரு சொல்லையும் மறுக்கவில்லை.

குழந்தையின் தாய் எழுந்து மணிகளை அவிழ்த்தாள். இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். "எடுத்துக்கிட்டுப் போயிருங்கண்ணே."

"வேணாம்மா. திருப்பிக் கட்டு. தொட்டில் ஆடறப்பல்லாம் அவரு கேக்கட்டும்."

அவள் கட்டும்வரை நின்றேன். ஒருமுறை ஆட்டச் சொன்னேன். ஆட்டினாள். கோதண்டம் காதைப் பொத்தினார். பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். அவர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றும் இல்லை.

ஆசிரியர் இதை வெளியிடவில்லை. தானம் செய்கிறவர், பெரிய மனிதர் என்றார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

இழந்தவை: கோயில் ஒன்று. வேதச் சுருள் ஒன்று.

இழந்தவர்கள்: எஸ்ரா. அவர் மனைவி ராகேல். என் அப்பா முருகேசன். அஞ்சலை அக்கா. அவள் மகன். அவனுக்குப் பெயர் வைத்திருக்கவில்லை. ஊருக்கு வந்து தொட்டிலில் போட்டு வைக்கலாம் என்றிருந்தோம்.

வெள்ளி மணிகள் ஆறு. அவை தொலையவில்லை. சிதம்பரத்தில், கோதண்டத்தின் ரைஸ் மில்லுக்கு எதிர் வீட்டில் இருக்கின்றன. போய்க் கேட்கலாம். ஐந்துதான் ஒலிக்கும்.