ஏழாவது பட்டன்

மூஞ்சியப் பாத்தே சொல்லிடுமாம் தம்பி! ஒரு கேள்வி கிடையாது, ஒரு விசாரணை கிடையாது... 'ஓட்டுநர் கோபமாக இருக்கிறார்'னு எழுதி அனுப்பிடுது. இருவது வருஷமா ஸ்கூல் பஸ் ஓட்டறாரு எங்க வீட்டுக்காரரு. வண்டியில ஒரு கீறல் விழுந்ததில்ல. இப்ப அவரு சீட்டுக்கு எதிர்ல ஒரு கேமரா... எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும்... அது மூணு தடவ கோபம்னு சொல்லிடுச்சுன்னு பஸ்ஸ விட்டே எறக்கிட்டாங்க. ஒரு மாசமா ஷெட்டுல பஸ் கழுவிட்டிருக்காரு. இன்னிக்கு இந்த அப்பீல் ஆபீஸ்ல நம்ம பேச்சு எடுபடலன்னா அந்த வேலையும் கிடையாது.

நீங்க எத்தனாம் நம்பர்? நாப்பத்தஞ்சா? நான் நாப்பத்திரண்டு. இப்பத்தான் முப்பத்தெட்டு உள்ள போயிருக்கு. அந்த நாற்காலி ஆடும், இப்படி வந்து உக்காருங்க. கோவமா? இல்லயா... மூஞ்சி அப்படி இருந்துச்சு, அதான் கேட்டேன்.

அவரு ஏன் வரலங்கறீங்களா? 'அங்கயும் கேமரா வெச்சிருப்பாங்க, என் மூஞ்சியக் காட்டினா இருக்கறதும் போயிடும், நீயே போ'ன்னுட்டாரு. நியாயம்தான். சும்மா சொல்லக் கூடாது, மூஞ்சி அப்படி. புருவம் ரெண்டும் முட்டிக்கிட்டு நிக்கும், வாயி ரெண்டு பக்கமும் கீழ இழுத்துக்கும். எங்க கல்யாண போட்டோவப் பாக்கணுமே நீங்க! என்னமோ நான் அவரு சொத்தப் புடுங்கிக்கிட்டு பக்கத்துல வந்து நிக்கற மாதிரி இருக்கும்.

இருவத்திரண்டு வருஷம் தம்பி! 'என்ன கோவம்?'னு கேப்பேன். 'ஒண்ணுமில்ல'ம்பாரு. ஒண்ணுமில்லன்னா மூஞ்சி ஏன் அப்படி இருக்குன்னு நான் ஆரம்பிப்பேன். தட்டுல சோறு ஆறிப்போகும். மூத்த நாத்தனார் ஒருத்தங்க இருக்காங்க, 'அவன் தொட்டில்லயே உர்ருன்னுதான் கெடப்பான், நீ ஏன் மனசுல போட்டுக்கற'ம்பாங்க. கூடப் பொறந்தவனுக்கு வக்காலத்து வாங்காம எனக்கா வாங்குவாங்க? நாத்தனார் பேச்சையெல்லாம் சாட்சியா எடுத்துக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க.

அதனால முதல் நோட்டீஸ் வந்தப்ப... சிரிக்கக் கூடாது... எனக்கு ஒரே சந்தோஷம். ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வெச்சேன். 'நான் சொன்னா நம்பலயே, இப்ப மெஷினே சொல்லுது!'ன்னேன். அதுக்கென்ன, சொந்தமா பந்தமா, ஓரவஞ்சனை பண்ண? அவரு நின்னு முழுசாப் படிச்சாரு. 'எனக்கு உம்மேல ஒரு நாளும் கோவம் வந்ததில்லயே'ன்னாரு. எந்த மூஞ்சியோட சொன்னாருங்கறீங்க? அதே மூஞ்சி!

பஸ்ல வர்ற புள்ளைங்க பயப்படுதான்னா அதுவும் இல்ல. பின் சீட்டுல ஏதாவது தூங்கிப்போச்சுன்னா எழுப்ப மாட்டாரு. தோள்ல போட்டுக்கிட்டு எறங்கி அவங்க அம்மா கையில குடுத்துட்டு வருவாரு. மூஞ்சி அப்பவும் உர்ருதான். அதுங்க வெச்ச பேரே 'உர்ரு மாமா'. உர்ரு மாமா எப்ப வருவாருன்னு புது டிரைவரத் தெனமும் நச்சரிக்குதுங்களாம். நாலு வயசுக் குஞ்சு குளுவானுக்குப் புரியுது...

மெஷினுக்கு எப்படித் தெரியுதுன்னா... அது எனக்குத் தெரியும் தம்பி. நல்லாவே தெரியும். நான் பாக்கறதே அந்த வேலைதான். வீட்டுலயே, கம்ப்யூட்டர்ல. ஒரு மூஞ்சி வரும், கீழ பட்டன் இருக்கும். சந்தோஷம், துக்கம், கோபம், பயம், அருவருப்பு, ஆச்சரியம். ஒண்ண அமுக்கினா அடுத்த மூஞ்சி. ஒரு நாளைக்கு ஆயிரத்தைநூறு. அதப் பாத்துப் பாத்துத்தான் மெஷின் கத்துக்குமாம். 'அதுக்குத்தான் மனசே இல்லயே, அடுத்தவங்க மனசு எப்படிப் புரியும்?'னு சூப்பர்வைசரக் கேட்டேன். 'மனசெல்லாம் எதுக்கு, நீங்க காட்டறது போதும், கொழந்த கத்துக்கற மாதிரிதான்'னாரு. கொழந்தையா! கொழந்த ஏன், ஏன்னு கேட்டு உசிர வாங்கும். 'இது கோபம்னு உனக்கு எப்படித் தெரியும்?'னு இது ஒரு தடவ கேட்டிருக்குமா? கேட்டிருந்தா முழிச்சிருப்பேன்.

தண்ணி குடிக்கவா? அந்த மெஷின்ல தண்ணி வரல, நான் பாத்துட்டேன். உக்காருங்க.

எப்படித் தெரியும்னா... கம்ப்யூட்டர சாப்பாட்டு மேசையிலதான் வெச்சிருப்பேன். எதிர்ல அவரு உக்காந்து சாப்பிடுவாரு. சந்தேகமா ஒரு மூஞ்சி வந்தா தலையத் தூக்கி அவரப் பாப்பேன். இந்த மாதிரி இருக்கா? அப்ப கோபம். அமுக்கு! வீட்டுலயே அளவுகோல் இருக்கறப்ப எதுக்கு யோசிக்கணும்? ரெண்டு வருஷம் தம்பி. அவரு பாட்டுக்கு சாப்பிட்டுட்டிருந்தாரு.

போன வாரம் வந்த லெட்டரோட ஒரு தாள் வெச்சிருந்தாங்க. இந்தாங்க, பாருங்க. 'ஓட்டுநரின் முகம் கீழ்க்கண்ட முகங்களுடன் ஒத்துப்போகிறது.' நாலு படம். மூணாவது, மூக்கு மேல மரு... இந்த ஆள எனக்குத் தெரியும். இவன் வந்த அன்னிக்கு ரொம்ப நேரம் பாத்தேன். கோவம் மாதிரியும் இருக்கு, ஏதோ யோசிக்கற மாதிரியும் இருக்கு. தலையத் தூக்கினேன். எதிர்ல இவரு. அமுக்கிட்டேன்.

மெஷின் எனக்கு சாட்சின்னு ஒட்டி வெச்சேனே... அது நான் சொல்லிக் குடுத்தத எனக்கே ஒப்பிச்சிருக்கு தம்பி. அதையாவது மன்னிச்சிடலாம், பாவம், அதுக்கு வெறும் கண்ணு மட்டும்தான். எனக்கு ரெண்டு காதும் இருந்துச்சு. இருவத்திரண்டு வருஷமா ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு ஒரு மனுஷன் சொல்லிட்டே இருந்தாரு. நானும் மூஞ்சியத்தானே பாத்தேன்?

இத உள்ள போயி சொல்லணும். சொன்னா என் வேலை போகும். போகட்டும். வீட்டுக்குப் போயி அவருகிட்ட சொல்லணுமே, அதத்தான்... அதத்தான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

என்ன எந்திரிச்சிட்டீங்க? உங்க நம்பர் இன்னும் வரலயே... ஏன் அப்படிப் பாக்கறீங்க? கோவமா? என்னப் பாத்தா பாவமா இருக்கா? இல்ல, கால் மரத்துப்போச்சா?

நாப்பத்திரண்டா? இதோ, வந்துட்டேங்க! ...ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன் தம்பி. ஓரத்துல சின்னதா ஏழாவது பட்டன் ஒண்ணு இருந்துச்சு. 'தெரியவில்லை'ன்னு. ரெண்டு வருஷத்துல நான் அத ஒரு தடவகூட அமுக்கினதில்ல. அதுக்காக எனக்கு ஒரு சர்ட்டிஃபிகேட் குடுத்தாங்க. அதுவும் ஃபிரிட்ஜ் மேலதான் ஒட்டியிருக்கு.