தொங்கும் சக்கரம்

ஐயா, நான் சொல்வதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் இந்த நாக்கு இப்போதே மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளட்டும். டீ நன்றாக இருக்கிறது. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

நாற்பது வருஷமாக வண்டிகளின் அடிவயிற்றைப் பார்த்தே பிழைத்தவன் நான். வண்டி தெருமுனையில் வரும்போதே எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று என் காது சொல்லிவிடும். ஒருமுறை பல் வைத்தியர் ஏதோ சத்தம் என்று வந்தார். சத்தம் வண்டியில் இல்லை, உங்கள் கடைவாய்ப்பல்லில் என்றேன். மறுநாள் அது விழுந்துவிட்டது.

என் மகனுக்கு வேகம்தான் உயிர். பந்தயக் கார் ஒன்று வாங்கி, பின்பக்க சஸ்பென்ஷனை மாற்றித் தரச் சொல்லி வந்தான். அவன் அம்மா போனபின் என் கடையை அவன் மிதித்தது அன்றுதான். புது ஷாக், சக்கரத்தைப் பிடித்து நிற்கும் புது ஆர்ம், புது புஷ் எல்லாம் போட்டேன். புஷ் என்றால், இரண்டு இரும்புக்கு நடுவே மாட்டிக்கொண்டு அடி வாங்கும் ரப்பர். வீட்டுக்கு வீடு அப்படி ஒருவர் உண்டு. வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் புஷ்ஷின் போல்ட்டை இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுகியே கிடந்து மூன்று மாதத்தில் கிழியும். கற்றுக்குட்டிக்கும் தெரிந்த பாடம்.

நான் தொங்கும்போதே இறுக்கினேன்.

மூன்றாம் மாதம் வந்தான்.

"என்னப்பா, பின்னாடி மறுபடியும் கடகடன்னு அடிக்குது?"

"நீ ஓட்டுற லட்சணம் அப்படிடா."

சிரித்தான். நான் அடியில் படுத்திருக்க, ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கதை பேசினான். இப்படி ஏழு முறை. இதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள்.

எட்டாவது முறை மருமகளும் வந்தாள். "மாமா, இவருக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சிருச்சு. அடுத்த வாரம் கிளம்புறோம்."

"வண்டியையும் கப்பல்ல ஏத்துறோம்ப்பா. இனிமே உங்களுக்குத் தொல்லை இல்ல" என்றான் அவன்.

தொல்லையாம். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் என்ன செய்ய முடியும்? மறுபடியும் அடியில் போய்ப் படுத்தேன். இடது ஆர்மின் நட்டைக் கையால் சுற்றியதோடு சரி, ஸ்பானர் போட மறந்துவிட்டேன். கிழவனுக்கு மறதி வராமல் வேறு யாருக்கு வரும்?

மலை இறக்கத்தின் மூன்றாவது வளைவில் நட்டு கழன்று, பின்சக்கரம் தன் போக்கில் திரும்பியதாக உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் சொன்னார்கள். மருமகள் அங்கேயே போய்விட்டாள். மகனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. என் வீட்டு முன்னறையில்தான் கிடக்கிறான். தினமும் பேசுகிறோம். பேசுவது நான்தான்.

மறதி, ஐயா. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று கடையிலிருந்து கிளம்பும்போது, "ஏறுங்கப்பா, போற வழிதானே, வீட்டுல இறக்கிவிடுறேன்" என்று மகன் முன்கதவைத் திறந்துவிட்டான். மூட்டுவலிக்காரன் நான், உச்சி வெயிலில் நாலு மைல் நடந்தே வீட்டுக்குப் போனேன்.